மரத்தூள் அடைத்த மூட்டு

முப்பத்தெட்டு வயதில் என் மனைவிக்குத் தச்சு வேலை படிக்கும் ஆசை வந்தது. நான் கிண்டலடித்தேன். ஆணி அடிக்கச் சொன்னால் என் கட்டைவிரலைத்தான் அடிப்பேன், ஆனாலும் வாய்க்குக் குறைச்சல் இல்லை. அவள் காதில் வாங்கவில்லை. பையன்கள் நிறைந்த பயிற்சிப் பள்ளியில் ஒரே பெண்ணாகப் போய் உட்கார்ந்தாள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கட்டைகளை இணைத்து மூட்டு செய்து கொடுத்தால் அழகு பார்க்கமாட்டார்கள். கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலை எடுத்து மூன்று அடி போடுவார்கள். நிற்கிற மூட்டுக்குத்தான் மதிப்பெண். இவளுடைய முதல் இரண்டும் முதல் அடியிலேயே விழுந்தன. நின்ற மூன்றாவதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

படிப்பு முடிந்ததும் எங்கள் இரண்டு பெண்களுக்கும் அடுக்குக் கட்டில் செய்ய ஆரம்பித்தாள். பின்கால் ஒன்றில் துளை ஒரு நூல் அளவு பெரிதாகி மூட்டு தளர்ந்துவிட்டது. வேறு கால் செதுக்க நான்கு நாளாகும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லி என் தங்கையிடம் ஏற்கெனவே பெருமையடித்து வைத்திருந்தேன்.

"வெளிய தெரியவா போகுது? எதையாவது வச்சு அடைச்சிடு."

மரத்தூளைப் பசையில் குழைத்து இடைவெளியில் திணித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் அடித்தாள். அப்புறம் எந்தக் கால் என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கை வந்து பார்த்து, தன் இரட்டைப் பையன்களுக்கும் அதேபோல வேண்டும் என்றாள். பத்தே நாளில் செய்து தருவதாக வாக்குக் கொடுத்தவனும் நான்தான். மனைவி முறைத்தாள், ஆனால் பத்தாம் நாள் கட்டில் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் கழித்து, எங்கள் கட்டிலின் பின்காலில் சின்னச் சின்னப் பென்சில் கோடுகளைப் பார்த்தேன். சின்னவள் கிறுக்கியிருப்பாள் என்று நினைத்தேன். பக்கத்தில் மனைவியின் கையெழுத்தில் தேதிகள் இருந்தன. பாலிஷில் விழுந்திருந்த மயிரிழை போன்ற விரிசல் ஒவ்வொரு கோடாகத் தாண்டிக் கீழே வந்திருந்தது. பாலிஷ் வாடை போகவில்லை என்று சொல்லி அவள் பெண்களை எங்கள் அறையில் படுக்கவைத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

கேட்டேன். மரம் காயும்போது அப்படித்தான் வெடிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாளாம். என் தங்கையிடம் சொல்ல வெட்கமாக இருந்ததாம். பேசிக்கொண்டே கொட்டாப்புளியை எடுத்துவந்தாள்.

"தள்ளி நில்லுங்க."

ஒரே அடிதான். காய்ந்த ரொட்டி ஓரம் போல மரத்தூள் கட்டியாக உதிர்ந்தது, கால் கழன்றது, மேல்கட்டில் சரிந்து சின்னவளின் தலையணை மேல் இறங்கி நின்றது. வாசற்படியில் நின்றிருந்த பெரியவள் கேட்டாள்.

"அம்மா, அத்தை வீட்டுக் கட்டிலும் இப்படித்தானா?"

மனைவி என்னைப் பார்த்தாள். "இதுல ஒரு மூட்டுலதான் அடைச்சேன். அதுல நாலு."

தங்கைக்கு போன் போட்டேன். எடுத்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

"பசங்க மேல ஏறிக் குதிச்சிட்டிருக்காங்கண்ணா, ஒண்ணும் கேக்கல, அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.