கிழக்கு வாசலில் யாரும் வருவதில்லை

நேற்றைய தாளின் மேல் அடிக்கோலை வைத்துக் கூக்கா ஒரு வரி படிக்கிறார். ஒரு வாய் காபி குடிக்கிறார். அடிக்கோலை அடுத்த வரிக்கு இறக்குகிறார். மொலினோ சுரங்க ரயில் நிலையத்தின் நான்கு வாசல்களிலும் கால்மணிக்கு எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று, சீட்டைப் போட்டால் சுற்றி ஆளை உள்ளே விடும் சுழல்கம்பிகள் எண்ணி அனுப்பிய தாள் அது. நாளொன்றுக்கு எழுபதாயிரம் பேர். மற்றவர்களுக்கு அது வெறும் எண். கூக்காவுக்கு ஊர்வம்பு.

“தெற்கு வாசல்ல ஏழேகாலுக்கு முந்நூறு பேர் கொறையுது பாருங்க. டமாலே பலகார வண்டிக்காரர் வந்துட்டாரு. தின்னு முடிச்சுட்டுத்தான் எறங்குவாங்க. அடுத்த கால்மணியில மொத்தமா வந்து விழுந்திருப்பாங்க.” அடிக்கோல் இறங்கும். விழுந்திருப்பார்கள்.

முழுப்பெயர் ரெஃபூஹியோ ஒல்வேரா. வயது ஐம்பத்தேழு. சீட்டுக் கவுண்டர்களுக்கு மேலே உள்ள ஜன்னலில்லாத அறையில் இருபத்திரண்டு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறார். மழை பெய்த நாளின் தாளில் நீலப் பென்சிலால் ஒரு கோடு. சம்பள நாளுக்குச் சிவப்பு. பதினோரு மணிக்கு மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் பிழிந்த வெள்ளரித்துண்டு. அந்த நேரத்தில் மேலதிகாரியே வந்தாலும் தலை நிமிர மாட்டார்.

ஒருமுறை நான்காம் எண் சுழல்கம்பியில் கூட்டம் குறைவு என்று அதைக் கழற்றிவிடப் பார்த்தார்கள். “அது சோம்பேறி இல்ல. தோள்பையக் கடிக்குது. சனங்க பயந்து அஞ்சாவதுக்குப் போறாங்க” என்றார் கூக்கா, நாற்காலியை விட்டு எழாமலே. பழுது பார்ப்பவர் திறந்தபோது உள்ளே அறுந்த தோள்வார் மூன்று கிடந்தன. அந்தக் கதையை அவரே வருடத்துக்கு நான்கு தடவையாவது சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் கை சும்மா இருக்காது. பூசை முடிந்து வெளியே வரும்போது, போன வாரத்தைவிட நாற்பத்தொரு பேர் குறைவு என்று பாதிரியாரிடமே சொல்லிவிடுவார். பாதிரியார் அவரைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் கிழக்கு வாசலில் அடி விழுந்தது. பதினோரு வருடங்களாக அந்த வரிக்கு நேரே “பயன்பாடு குறைவு” என்று எழுதிவந்தார். “அங்க காத்துதான் வருது” என்று கேலியும் செய்தார். அந்த எழுத்தை நம்பித்தான் இஞ்சினியர் பர்ராகான், முதல் தேதியிலிருந்து வாசலை மூடுவதாக அறிவிப்பு ஒட்டினார்.

அதே வாரம் கூக்காவுக்கு முழங்கால் வீங்கியது. மருத்துவமனை கிழக்கு வாசலுக்கு எதிரே. தினமும் வடக்கு வாசலால் வந்துபோகிறவர், அன்றைக்குத்தான் மருந்தை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கமாக நொண்டி வந்தார். காவலுக்கு நின்ற யூரிடியா சுழல்கம்பியிடம் விடவில்லை. பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அறுபது தாண்டியவர்களுக்கும் ஊன்றுகோல்காரர்களுக்கும் சீட்டு வேண்டாம், அந்தக் கதவுதான். அது ஊருக்கே தெரியும். கூக்காவுக்கும் தெரியும்.

நான்கடி நடந்து நின்றுவிட்டார். அவர் உள்ளே வந்தாயிற்று. எந்தக் கம்பியும் சுற்றவில்லை. பின்னாலேயே ஊசி குத்திய கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஒருவர் வந்தார். சிறுநீரகத்துக்காக ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறவர். அவருக்குப் பின் ஒரு கிழத் தம்பதி. அப்புறம் இன்னும் மூன்று பேர். கூக்காவுக்கு வெட்கத்தில் முகம் சுட்டது.

“வர்றவங்களயெல்லாம் வரலன்னு எழுதியிருக்கேனே, யூரிடியா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல கூக்காம்மா? நான் நாள் பூரா இந்தக் கதவத்தான தள்ளிக்கிட்டிருக்கேன்.”

வாசலை மூடினால் இவர்கள் சாலையைச் சுற்றிப்போய் நடைபாலம் ஏற வேண்டும். கூக்கா இஞ்சினியரின் அறைக்குப் போனார். இயந்திரம் எண்ணாதது அட்டவணையில் ஏறாது என்றார் அவர். பிறகு, ஆளை அனுப்பினால் போதுமென்று, காலை ஆறிலிருந்து பகல் இரண்டுக்குள் பக்கக் கதவில் ஆயிரம் பேர் வரட்டும், பார்க்கலாம் என்றார். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கூக்கா அந்தக் கதவருகே நின்றார். வீட்டில் லொத்தெரியா என்ற படக்கட்ட விளையாட்டு ஆட வைத்திருக்கும் கறுப்பு அவரை விதைகளில் ஆயிரத்தை எண்ணிக் கம்பளிச் சட்டையின் இடது பையில் போட்டிருந்தார். ஆள் ஒன்று, விதை ஒன்று, இடமிருந்து வலம். யூரிடியா நாற்காலி போட்டும் கூக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் குள்ளமானவர்கள் தப்பிவிடுவார்களாம். ஒன்றரை மணிக்கு இடது பையில் நிறையவே மிச்சம் இருந்தது. ஒரு கைப்பிடியை அந்தப் பக்கம் தள்ளினால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று யூரிடியா காதோடு கேட்டார். கூக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டு மணிக்குக் கால்மணி முன்னால் இஞ்சினியர் இறங்கி வந்தார். மருத்துவமனையில் காலைச் சிகிச்சை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். சக்கர நாற்காலி ஒன்று வந்தது. யூரிடியா முன்சக்கரத்தைத் தூக்கப் போனதால் கதவை இஞ்சினியர் பிடிக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கதவை விட வழியில்லை. ஒரு கிழவி அவரைக் காவலாள் என்று நினைத்து, கடவுள் உன்னை நல்லா வைக்கட்டும் மகனே என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு மணி அடித்தது. இடது பையில் ஆறு விதைகள்.

“ஆயிரம்னே எழுதுங்க” என்றார் இஞ்சினியர், கன்னத்தைத் தடவியபடி. “நான் கையெழுத்துப் போடறேன்.”

“வேணாம் இஞ்சினியர். பதினோரு வருஷம் கொறச்சு எழுதினேன். அதச் சரி பண்றதுக்காகக் கூட்டி எழுத மாட்டேன்.”

994 என்று எழுதி நீட்டினார். இஞ்சினியர் அதை வாங்கினார். கீழே கையெழுத்துப் போட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு படியேறிப்போய், மூடும் அறிவிப்பைத் தன் கையாலேயே உரித்தெடுத்தார்.

அதற்கப்புறம்தான் கூக்கா நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டார். மணி இரண்டு ஐந்து. ஒரு முதியவர் கோலை ஊன்றி மெல்ல இறங்கி, பக்கக் கதவால் உள்ளே வந்தார். கூக்கா இடது பையிலிருந்து ஒரு விதையை எடுத்து வலது பையில் போட்டார்.