சுத்தக் கம்பளிக் குருவி

லிப்டுக்காரருக்கு லிப்ட் என்றால் பயம். சொன்னால் சிரிப்பீர்கள், அவரே சொல்லிச் சிரிப்பார். எட்டு மாடிக் கட்டடத்தில் இருபத்தாறு வருடமாக அந்த இரும்புப் பெட்டிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஊரையே ஏற்றி இறக்கின மனிதர், ஒருநாள் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுபோனதும் கைகால் வெலவெலத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தது ஐந்தாம் மாடி டைப்பிஸ்ட் அம்மா. தைரியம் சொல்லவேண்டியவர் இவர், நடந்ததோ தலைகீழ்.

"அழாதீங்க சார். கைக்கு ஒரு வேலை குடுத்தா பயம் போயிடும்" என்று அந்த அம்மா தன் பையிலிருந்து ஒரு ஸ்பாஞ்சையும், ஒரு பிடி கம்பளிப் பஞ்சையும், ஒரு நீள ஊசியையும் எடுத்துக் கொடுத்தார். அது அழுகை இல்லை, வியர்வை என்று லிப்டுக்காரர் இன்றுவரை சாதிக்கிறார்.

ஊசியின் ஓரத்தில் பொடிப்பொடியாக வெட்டுகள். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து எடுத்த கம்பளியை உருட்டி ஸ்பாஞ்சின்மேல் வைத்துக் குத்தக் குத்த, இழையோடு இழை சிக்கிக் கெட்டியாகிவிடும். தையலும் வேண்டாம், பசையும் வேண்டாம். மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது லிப்டுக்காரர் கையில் ஒரு உருண்டை இருந்தது, விரலில் ஏழு குத்து இருந்தது.

அன்று பிடித்த பைத்தியம் விடவில்லை. மாடி மாடியாகக் கிழிந்த மப்ளர், பூச்சி அரித்த ஸ்வெட்டர் என்று கேட்டு வாங்குவார். நாய்க்கு முடி வாரும் கம்பிச் சீப்பால் அவற்றை வாரிப் பஞ்சாக்குவார். நாய் கிடையாது, சீப்பு வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் நாயின் பெயரைக் கேட்க, திருதிருவென்று முழித்துவிட்டுத் தன் பெயரையே சொல்லிவிட்டு வந்தார். யாருக்காவது மாற்றலா, கல்யாணமா, பதவி உயர்வா, லிப்டை விட்டு இறங்கும்போது கையில் ஒரு பொம்மையைத் திணித்துவிடுவார்.

என்ன பொம்மை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். யானை செய்ய உட்கார்ந்தால் உருளைக்கிழங்கில் முடியும். அதனால் அவர் ஒரு கொள்கை வைத்திருந்தார். இது இன்னது என்று முதலில் வாயைத் திறப்பதில்லை. வாங்கினவர் புரட்டிப் பார்த்து, "பூனையா?" என்பார். "பூனையேதான்!" என்பார் இவர். முயலாகப் பிறந்தது பூனையாகப் போய்ச் சேரும். யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரே ஒருமுறை, இந்தக் கொள்கையெல்லாம் வருவதற்கு முந்தி, அவர் முந்திக்கொண்டு வாயைத் திறந்திருக்கிறார். கல்யாணமான முதல் குளிர்காலம். பஸ் நிலையத்து நடைபாதையில் குவித்துப் போட்டிருந்த துணியிலிருந்து ஒரு பழுப்புச் சால்வையை உருவி மனைவிக்கு வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் மனைவியின் அக்கா உட்கார்ந்திருந்தார். "எங்க வாங்கினீங்க தம்பி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். இவரோ, "சுத்தக் கம்பளி அண்ணி! மலையிலேருந்து சொல்லி வரவழைச்சது" என்று அளந்துவிட்டார். மனைவியின் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு சொன்னதைத் திருப்பி வாங்க மனசு வரவில்லை.

அந்தச் சால்வை இருபத்தெட்டு வருடம் உழைத்தது. கடைசியில் நடுவில் கிழிந்துபோனபோது, மனைவி அதை மடித்துக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"ஏங்க, அக்கா புது வீட்டுக்குப் போறா. அவளுக்கு ஒரு குருவி செஞ்சு குடுங்க. இதுலயே செய்யுங்க."

"இதுலயா? பழசாச்சேம்மா..."

"சுத்தக் கம்பளிதானே? நல்லா வரும்."

அவர் அதைப் பிரித்து வாரினார். மூன்று நாள் குத்தினார். எங்கே சிக்கும்? நைலானோ என்ன எழவோ, ஊசி போன வழியே ஓட்டைதான் விழுந்ததே தவிர இழை பிடிக்கவே இல்லை. விட்டால் பொசுக்கென்று உப்பிக்கொண்டது. கை சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். "ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் வருது, எங்க அக்காவுக்கு மட்டும் கை வராதா?" என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால், இத்தனை வருடம் அதைப் போர்த்திக்கொண்டு பெருமையாக நடந்தவள் முகத்தில் எப்படி விழிப்பது? அந்தத் தைரியம் இருந்தால் அவர் ஏன் லிப்டுக்குள் உட்கார்ந்து அழப்போகிறார்? மன்னிக்கவும், வியர்க்கப்போகிறார்.

ஆகவே அவர் தன் புத்திக்கு எட்டியதைச் செய்தார். அவருடைய ஸ்வெட்டர் ஒன்று கிட்டத்தட்ட அதே பழுப்பு. அசல் கம்பளி, அவள் வாங்கிக் கொடுத்தது. அதன் இடது கையை வெட்டி, வாரி, குத்தினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குருவி குருவி மாதிரி வந்தது! மூக்குகூட இருந்தது.

மனைவி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். உள்ளே போய், சூட்கேசுக்குப் பின்னால் அவர் ஒளித்துவைத்திருந்த ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒரு கை எங்க?"

அவர் அசடு வழிந்தார்.

"அது கம்பளி இல்லன்னு எனக்குத் தெரியும்ங்க."

"எப்போலேருந்து?"

"நீங்க குடுத்த மறுநாளே. அக்கா ஒரு நூலை உருவித் தீக்குச்சியில காட்டினா. கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரும். இது உருகிச் சொட்டுச்சு. என் புருஷன் பொய் சொல்லமாட்டாருன்னு அவகூடச் சண்டை போட்டு ரெண்டு வருஷம் பேசல. அவளுக்கு ஆபரேஷன் ஆனப்பகூடப் போய்ப் பாக்கல."

 இவர் ஒரு நிமிஷம் பீற்றிக்கொண்டதற்கு அக்கா தங்கை இரண்டு வருடம் அபராதம் கட்டியிருக்கிறார்கள். ஏன் என்றுகூடக் கேட்காமல் இவர் பாட்டுக்கு லிப்டில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்புறம் பேசிட்டோம். ஆனா அந்தச் சால்வையைப் பத்தி ரெண்டு பேரும் மூச்சு விட்டதில்ல. நீ சொன்னதுதான் சரின்னு ஒரு தடவை அவகிட்ட ஒத்துக்கணும்ங்க. வாயால வரல. அதான் இதுல செய்யச் சொன்னேன். தொட்டா அவளுக்குப் புரிஞ்சுடும்."

அவர் குருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சால்வையின் நூலைக் கற்றையாகப் பிரித்து, அடியில் நல்ல கம்பளியைக் கலந்து, வாலாக வைத்துக் குத்தினார். பிடித்தும் பிடிக்காமலும் கயிறு மாதிரித் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அண்ணி காகிதத்தைப் பிரித்தார். உள்ளே இருந்ததைப் புரட்டிப் பார்த்தார்.

"எலியா தம்பி?"

எலியேதான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அண்ணி. குருவி" என்றார். குரல் லிப்ட் நின்ற அன்றைக்குப் போலவே நடுங்கியது. "வால் மட்டும் அந்தச் சால்வை. அது கம்பளி இல்ல. என்னைக்குமே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

அண்ணி வாலைத் தொட்டுப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது.

"நீ சொன்னதுதான்க்கா சரி" என்றாள் மனைவி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அண்ணி கொஞ்ச நேரம் அந்த நூல்கற்றையைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு தங்கையை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, வாலை அவரிடம் நீட்டினார்.

"இதைக் கெட்டியா வெச்சுக் குடுங்க தம்பி. மறுபடி விழுந்துச்சுன்னா இவ இன்னும் ரெண்டு வருஷம் பேசமாட்டா."