மூன்று டிகிரித் தண்ணீர்

உப்பு விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, வீட்டு ஹாலில் கண்ணாடி மீன் தொட்டி வைத்து அதற்குள் நல்ல தண்ணீர்ச் செடி வளர்த்துத் தருகிறேன் என்று போர்டு மாட்டியிருப்பவன் மரக்காணத்தில் நான் ஒருவன்தான். இங்கே எங்கே போர் போட்டாலும் கரிப்பு. அந்தத் தண்ணீரை ஊற்றினால் செடி மூன்றாம் நாளே கூழாகிவிடும். அதனால் கிளியனூர் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் எடுத்து, தாஸ் ஓட்டும் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். தாஸ் என் கூட்டாளி. என்னைவிட நாலு வயது மூத்தவர். தொட்டியைத் தூக்க ஒரு கை, பயப்படுவதற்கு ஒரு ஆள், இரண்டும் அவர்தான்.

இதற்கு முன் பதினோரு வருஷம் உப்பளத்தில் டிகிரி பார்த்தேன். பாத்தித் தண்ணீரில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டால் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும். கடல் தண்ணீர் என்றால் மூன்று டிகிரி. வெயிலில் வற்றி வற்றி இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு இறங்கும். குழாய் கையில் இல்லாத நேரத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்தே சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. விட்டிருந்தால் கீழே சொல்லப்போகிறதில் பாதி எனக்குத் தெரியாமலே போயிருக்கும், நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். வீட்டில் செடித் தொட்டி வைத்துவிட்டு, காலையில் பல்கூடத் துலக்காமல் ஓடிப்போய் இன்று எத்தனை மீன் மிதக்கிறது என்று எண்ணுகிற என் சக பாவிகளே, இது உங்களுக்காக.

கேமராக்காரர்

கோட்டக்குப்பத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். தொட்டி வேண்டும் என்றவர் அவர், இடம் சொன்னவர் அவர், தொட்டிக்கு நேர் எதிரே ஒரு கேமரா மாட்டச் சொன்னவரும் அவர்தான். நான் செடி நட்டுக்கொண்டிருக்கும்போதே போன் வரும். அந்தக் கல்லை இடது பக்கம் தள்ளுங்க, அந்தச் செடி சாய்ந்திருக்கு என்பார். கை தண்ணீருக்குள் இருக்கும்போது யாரோ முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் பிடரி சில்லென்று இருக்கும்.

ஒரு நாள் மதியம் இலை வெட்டப் போயிருந்தேன். போன் அடித்தது. தொட்டிக்குப் பின்னால் கைலி கட்டிக்கொண்டு ஒருத்தர் நிற்கிறாரே, யார் அது என்று கேட்டார். அன்று நான் பேன்ட் போட்டிருந்தேன். தாஸ் வெளியே வண்டியில் இருந்தார். தொட்டிக்குப் பின்னால் சுவர்தான், ஒரு சாண் இடம்கூடக் கிடையாது. கண்ணாடியில் ஏதாவது நிழல் விழுந்திருக்கும் பாய் என்று சமாளித்துப் போனை வைத்தேன். டீ கொண்டுவந்த அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டம்ளரை என்னிடம் நீட்டியபடி, ஏதோ கரண்ட் போய்விட்டது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்:

“அது அவருதாங்க. எப்பப் பாத்தாலும் இந்தத் தொட்டிகிட்டயேதான இருக்காரு.”

சுவரைப் பார்த்த மீன்கள்

பெருமுக்கலில் ரிட்டயர்டான ஒரு வாத்தியார் வீடு. செடியெல்லாம் காடாக வளர்ந்திருந்தது. ஆனால் இருபது மீனும் ஒன்று சேர்ந்து பின்பக்கச் சுவரையே பார்த்து நின்றன. தீனி போட்டாலும் திரும்பவில்லை. நான் லைட்டை மாற்றி வைத்தேன், ஃபில்டரைத் திருப்பி வைத்தேன், கடைசியில் தாஸும் நானும் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுத் தொட்டியையே திருப்பி வைத்தோம். மீன்களும் திரும்பிக்கொண்டு மறுபடி அதே சுவரைப் பார்த்தன. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது சார் என்று கேட்டேன். வாத்தியார் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“ஒண்ணும் இல்லப்பா. கெணறு ஒண்ணு இருந்துது. தூர் வார எறங்குன ஆளு ஏறி வரல, அதோட மண்ணு போட்டு மூடிட்டோம்.”

தெளிவாக இருக்க வேண்டும்

இனி சொல்வதெல்லாம் ஒரே வீடுதான். மற்ற வீடுகளைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட முடிகிறது. இதை முடியவில்லை.

மரக்காணத்துக்கு வடக்கே கடலோரக் குப்பத்திலிருந்து சேகர் என்று ஒருவர் கடைக்கு வந்தார். மீன் பிடிக்கிறவர் மீன் தொட்டி கேட்கிறாரே என்று தாஸ் கிண்டல் செய்தார். கடலில் மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறேன், உள்ளே எப்படி இருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார் சேகர். மூன்று அடித் தொட்டியை அவரே தேர்ந்தெடுத்து, செடியையும் கை வைத்துக் காட்டினார். அடுத்த வாரம் தனியாக நண்டு வலை எடுக்கப் போனார். போட் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி தேவகி போன் செய்தார். சேகர் சொன்ன தொட்டியைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். போனோம். ஹால் மூலையில், சின்ன விளக்குக்குப் பக்கத்தில், வாயைத் துணியால் கட்டிய எவர்சில்வர் குடம் ஒன்று இருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை. சேகருடைய அப்பா அவராகவே சொன்னார். உடம்பு கிடைக்காவிட்டால் அவர்கள் வீட்டு வழக்கம் அதுவாம். போட் மிதந்த இடத்திலேயே ஒரு குடம் கடல் தண்ணீர் மொண்டு வந்து வீட்டில் வைப்பார்கள். கருமாதி அன்று அதைக் கொண்டுபோய்க் கடலில் ஊற்றினால் ஆளை அனுப்பி வைத்ததாக அர்த்தம். தேவகி அதற்கு மட்டும் சம்மதிக்கவே இல்லை. சேகர் எங்கோ கரை ஏறியிருப்பார், வந்துவிடுவார் என்று ஒரே பிடியாக இருந்தார். தாலியும் பூவும் அப்படியே இருந்தன. நாங்கள் மண் கொட்டி, கல் அடுக்கி, செடி நட்டு, தண்ணீர் நிரப்பி முடிக்கிறவரை அந்தக் குடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்:

“அவரு வந்து பாக்கசொல்ல தண்ணி கலங்கலா இருக்கக் கூடாதுண்ணா.”

ஏறுகிற தண்ணீர்

தொட்டி வைக்கிற எந்த வீட்டிலும் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு வருவேன். தண்ணீர் ஆவியாகிக் குறையும். கோடு வரைக்கும் ஊற்றிக்கொள்ள இரண்டு கேன் நல்ல தண்ணீரும் வைத்துவிட்டு வருவேன். அடுத்த வாரம் தேவகி வீட்டுக்குப் போனால், தண்ணீர் கோட்டுக்கு மேலே ஒரு விரல் நின்றது. செடிகள் ஓரம் கருகி, தொட்டால் கரைந்தன. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்தேன், எண் தாறுமாறாக எகிறியது. கரிப்புத் தண்ணீர் ஏதாவது ஊற்றினீர்களா என்று கேட்டேன். மாமனார் சத்தியம் செய்தார். தேவகி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பாதித் தண்ணீரைப் பக்கெட்டில் மொண்டு வாசல் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டேன். மறு வாரமும் ஒரு விரல் ஏறியிருந்தது. மறுபடி மொண்டு ஊற்றினேன். இப்படியே நாலு வாரம். ஒவ்வொரு பக்கெட்டும் வாசலைத் தாண்டும்போது தேவகி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நிற்பார். செடி செத்துப்போன வருத்தம் என்றுதான் நான் நினைத்தேன். சாயங்காலம் வண்டியில் கிளம்பினோம். உப்பளம் முடிகிற திருப்பத்தில் தாஸ் வேகத்தைக் குறைத்துச் சொன்னார்:

“ஏம்பா, தொட்டில தண்ணி கொறஞ்சி பாத்திருக்கேன். ஏறி இந்த ஊட்லதாம்பா பாக்குறேன்.”

குடம்

ஐந்தாவது வாரம் போனபோது வீட்டு முன்னால் பந்தல். கருமாதி. தேவகி திடீரென்று சரி என்று சொல்லிவிட்டாராம். தாலியை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று ஒரு நிபந்தனை. மாமனார் அதற்கு ஒத்துக்கொண்டு, மகன் போனதிலிருந்து முதல் முறையாகக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். குடத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அதைத் தூக்கி அவர் தோளில் வைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. பக்கத்தில் நின்ற நான் கை கொடுத்தேன். துணி நனைந்து, கொஞ்சம் தண்ணீர் என் விரலில் வழிந்தது. ஆண்கள் எல்லோரும் குடத்தோடு கடலைப் பார்த்து நடந்தார்கள்.

பதினோரு வருஷப் பழக்கம். விரல் தானாக நாக்குக்குப் போனது. கரிக்கவில்லை. துளிகூடக் கரிக்கவில்லை. அந்த ருசி எனக்குத் தெரியும். நான் வைத்துவிட்டுப் போகிற கேனில் இருந்த கிளியனூர்க் கிணற்றுத் தண்ணீர் அது. வாசலில் நின்றபடி திரும்பிப் பார்த்தேன். தேவகி தொட்டிக்குப் பக்கத்தில் நின்று என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அந்தப் பெரியவரிடம் சொல்லியிருக்கலாம். பறைச் சத்தம் அப்போது தெரு முனையில்தான் கேட்டது. நான் போகவில்லை. தேவகி கிட்டே வந்து, மற்ற பெண்கள் காதில் விழாதபடி சொன்னார். தினம் ஒரு சொம்பு தொட்டிக்குள் ஊற்றினாராம். குடம் காலியானதும் என் கேன் தண்ணீரை நிரப்பித் துணி கட்டிவிட்டாராம். கருமாதி இப்போது கிணற்றுத் தண்ணீருக்குத்தான் நடக்கிறது, அவருக்கு இல்லை என்றார். அதுவரை கணக்கு புரிந்தது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் நான் அந்த முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன், உட்கார்ந்த இடம் எது என்று தெரிந்ததும் பதறி எழுந்தேன்.

“நாலு வாரம் எங்க ஊட்டுக்காரரத்தாண்ணா நீங்க பக்கெட்டுல மொண்டு மொண்டு ஊத்துனீங்க. வாயத் தொறந்தா மாமாவுக்குத் தெரிஞ்சிடும், சும்மா பாத்துனு நின்னேன்.”

கோட்டுக்கு மேலே

அதற்குப் பிறகு அந்தத் தொட்டியில் நான் ஒரு சொட்டுத் தண்ணீர் மொள்ளவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. செத்த செடிகளைப் பிடுங்கிவிட்டு, உப்பையும் தாங்குகிற மீன் என்று ஏழு கறுப்பு மோலிகளை மட்டும் விட்டேன். நான் செய்ததற்கு அதுதான் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தும், வீட்டில் பக்கெட்டைத் தொடாமல் குழாயடியிலேயே உட்கார்ந்து குளித்தேன். ஒரு பெண்ணுடைய நம்பிக்கையை நாலு வாரமாக மரத்தடியில் கொட்டியவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் மனசு கேட்கிறதா?

இரண்டு மாதம் கழித்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் போனேன். தாஸ் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார். மாமனார் வலை பின்னப் போயிருந்தார். நல்ல வெயில் அடிக்கிற ஹால். தண்ணீர் இதற்குள் ஒரு சாண் வற்றியிருக்க வேண்டும். என் மார்க்கர் கோட்டுக்கு மேலே நாலு விரல் நின்றது. விளிம்புக்கு இன்னும் இரண்டு விரல்தான் பாக்கி. கண்ணாடி எது, தண்ணீர் எது என்று தெரியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. ஏழு மோலியும் வரிசையாக வாசலைப் பார்த்து நின்றன.

உப்பளத்துக் கண்ணாடிக் குழாயைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மிதக்கவிட்டேன். கணக்கு எனக்குத் தெரியும். நூற்றைம்பது லிட்டர் தொட்டியில் ஒரு குடம் கடல் தண்ணீரை முழுசாக ஊற்றினாலும் அரை டிகிரி தாண்டாது. அதிலும் பாதிக்கு மேல் நானே இறைத்துக் கொட்டியிருக்கிறேன். குழாய் மூன்றில் நின்றது. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். மூன்று. கடலேதான். தினம் போய் மொண்டு வருகிறீர்களா அம்மா என்று கேட்டேன். தேவகி இல்லை என்றார். கருமாதிக்குப் பிறகு அவர் கடற்கரைப் பக்கமே போகவில்லையாம், ஒரு சொம்புகூட ஊற்றவில்லையாம். அவர் குரலில் பொய் இல்லை. தரையைப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. இன்னும் இரண்டு விரல் ஏறினால் விளிம்பைத் தாண்டி வீட்டுக்குள் கொட்டிவிடுமே, கொஞ்சம் மட்டும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். தேவகி தொட்டிக்குக் கீழே விரித்திருந்த பழைய துண்டைச் சரிசெய்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“நெறையட்டுங்கண்ணா. நெறஞ்சாத்தான அவரு எறங்கி வர முடியும்.”

பதினோரு வருஷம் தண்ணீரை வற்றவைத்து உப்பு எடுத்தவன், ஆறு வருஷமாக உப்பில்லாத தண்ணீர் விற்கிறவன், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மாதாமாதம் போய்க் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் துடைத்துக் கொடுத்து, தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறதம்மா என்று சொல்லிவிட்டு, விளிம்பைப் பார்க்காமல் திரும்பி வந்துகொண்டிருக்கிறேன்.