பிரேக் போட்டால் வெளிச்சம்

வீட்டில் ஒரு பல்பு மாற்றியதும் தன்னை என்ஜினீயர் என்று நினைத்துக்கொள்ளும் முட்டாள்களில் நான் முதல் வரிசை. அந்தத் துணிச்சலில்தான், எழுபதுகளின் தொடக்கத்தில், என் தங்கை கல்யாணத்தின் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நானே லைட் கட்டுகிறேன் என்றேன்.

மாப்பிள்ளைக்குத் திறந்த கார். அது இழுத்துவரும் டிரெய்லரில் நாதஸ்வரக் கோஷ்டி, சுற்றிலும் கலர் பல்புகள். காரின் பின்பக்கத்தைக் குடைந்து, கரண்ட் வந்த ஒயர் ஒன்றைப் பிடித்து இணைத்தேன். எல்லாம் ஜொலித்தன. அப்போது டிரைவர் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

சாயங்காலம் மாட வீதியில் கார் நகர்ந்ததும் டிரெய்லர் இருண்டது. நாதஸ்வரம் பாதி ராகத்தில் நின்றது.

"பிரேக்க மிதிச்சாத்தான் எரியுது. இன்னா சார் பண்ணி வெச்சிக்கீறே?" என்றார் டிரைவர்.

மாப்பிள்ளையின் அப்பா காலையில் காபி ஆறிப்போனதற்கே பெட்டியைக் கட்டியவர். அவர் பக்கத்தில் வந்தார்.

"என்னடா அம்பி, நின்னா எரியறது, போனா அணையறது?"

"புது மாடல் மாமா. ஒவ்வொரு ஆத்து வாசல்லயும் நின்னு நின்னு போகணும்."

என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். டிரைவரிடம், "எல்லா வாசல்லயும் நிறுத்துப்பா" என்றார்.

அப்புறம் வீதியே திருவிழாவானது. கார் நின்றால் வெளிச்சம், நாதஸ்வரம், ஆரத்தித் தட்டோடு ஓடிவரும் பெண்கள். மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் மாலை உதிர்ந்தது.

ராத்திரிப் பந்தியில் மனசு கேட்காமல் அவரிடம் போய், "மாமா, அது புது மாடல் இல்லே. பிரேக் லைட் ஒயர்ல குடுத்துட்டேன்" என்றேன்.

கோபக்காரர் என்று மட்டுமே நான் எடைபோட்டிருந்த அந்த மனிதர், இலையிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்:

"தெரியும்டா, நானும் கார் ஓட்டறவன்தான்."