ஈரல் தின்றவன் பெண்டாட்டி

எட்டாவதும் பெண்ணாகப் பிறந்தபோது அப்பாவுக்கு அலுத்துவிட்டது. ‘போதும்’ என்று பொருள்படும்படி தொமே என்று பெயர் வைத்துவிட்டு, படகை எடுத்துக்கொண்டு மீனுக்குப் போய்விட்டார். அந்தத் தொமேதான் பின்னாளில் இசோதா கரையிலேயே நீளமாக மூச்சுப் பிடிக்கிற முக்குளிப்புக்காரி ஆனாள். பத்துப் பாகம் ஆழத்துக்குப் போய், பாறையோடு ஒட்டிக்கிடக்கிற சிப்பியைப் பெயர்த்துக்கொண்டு வருவாள். குளிர்காலக் கடல் அவளைப் பயமுறுத்தியதில்லை. அவள் பயந்ததெல்லாம் தன் வீட்டு அடுப்பில் கொதிக்கிற சட்டிக்குத்தான்.

கணவன் குமாயிச்சி பேத்தை மீன் பிடிப்பவன். ஈரலிலும் சினையிலும் விஷம் உள்ள மீன் அது. அந்த நாளில் ஷிமோனொசெக்கி நகரத்து ஓட்டல்களில் பேத்தைக்கு ராஜ மரியாதை. தட்டில் வரைந்த பூ தெரிகிற அளவுக்கு மெலிதாகச் சீவி, சாமந்தி இதழ் போல அடுக்கி வைப்பார்கள். பெரிய பெரிய மனிதர்களெல்லாம் ரயிலேறி வந்து தின்றுவிட்டுப் போவார்கள். அதற்கு முன்னே பிரபுக்கள் ஆண்ட காலத்தில் பேத்தைக்குத் தடை இருந்தது. தின்று செத்தவன் போர்வீரனாக இருந்தால் அவன் குடும்பத்துக்கு மானியம்கூடக் கிடையாது. இசோதாக்காரர்களுக்குத் தடை போட்டதும் தெரியாது, எடுத்ததும் தெரியாது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து தின்றார்கள், அவ்வப்போது செத்தார்கள். ‘பேத்தை தின்கிறவன் முட்டாள், தின்னாதவனும் முட்டாள்’ என்று சொல்லிக்கொள்வார்கள்.

பெரிய மீன் ஓட்டலுக்குப் போகும். சந்தையில் எடுக்காத சின்னது வீட்டுக்கு வரும். குமாயிச்சிக்குச் சதை ஒரு பொருட்டே இல்லை, ஈரல்தான் வேண்டும். ஓடைத் தண்ணீரில் நாற்பது தடவை அலசுவான், மிசோ என்கிற சோயா விழுதில் போட்டுக் கொதிக்க வைப்பான்.

“நாப்பது தடவை அலசினா விஷமெல்லாம் ஓடிடும்டி. நாக்குல சுருக்குன்னு ஒண்ணு வரும் பாரு, அதுக்குத்தான் இதைத் திங்கிறதே.”

“அது சுருக்கு இல்லய்யா. எமன் எட்டிப் பாக்குறான்.”

“பாக்கட்டுமே. அவனுக்கும் ஒரு துண்டு வை.”

இந்தச் சண்டை பதினோரு குளிர்காலம் நடந்தது. சொல்லிச் சொல்லித் தொமேக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஷோவா ஒன்பதாம் வருஷம், அதாவது 1934, பிப்ரவரி மாதம். பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் குமாயிச்சி ஈரலைத் தின்றுவிட்டு, வலை பிரிக்க உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் உதட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு விரல் நுனிகளைத் தேய்த்தான். வலை ஊசி கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் அப்படியே முகங்குப்புற விழுந்தான்.

“தொமே, கால் எங்க இருக்குன்னே தெரியல” என்றான். அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை.

அவள் போட்ட கூச்சலில் தெருவே ஓடி வந்தது. டாக்டர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார், போய்வர அரை நாள். ஆனால் யாரும் டாக்டரைப் பற்றிப் பேசவில்லை. பேத்தை விஷத்துக்கு இசோதாவில் ஒரே வைத்தியம். கழுத்துவரை மண்ணில் புதைக்க வேண்டும், மண் விஷத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதை முன்னின்று செய்கிறவர் கொன்பாச்சி. எழுபது வயது, நல்ல மனிதர், பிறர் வீட்டுத் துன்பத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். ஈரக் கரையில் குழி தோண்டி, குமாயிச்சியை உட்காரவைத்து, மணலைத் தள்ளி, சுற்றிலும் நன்றாக மிதித்து இறுக்கினார்கள்.

தலை மட்டும் வெளியே தெரிந்தது. தொமே அவன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. அந்த நிறம் அவளுக்குத் தெரியும். ஆழத்தில் அதிக நேரம் தங்கிவிட்டு மேலே வருகிற பெண்களின் உதட்டில் பார்த்திருக்கிறாள்.

“மாமா, இவருக்கு மூச்சு முட்டுது. வெளிய எடுங்க.”

“பேசாம இரு புள்ள. பாதியில எடுத்தா விஷம் நெஞ்சுக்கு ஏறிடும்” என்றார் கொன்பாச்சி. “என் மகன் தோராஜியை மண்ணுல வைக்கத் தாமதமாயிடுச்சு. அதனாலதான் போயிட்டான். அந்தத் தப்பு இன்னொரு தடவை நடக்கக் கூடாது.”

தோராஜி போய்ப் பதிமூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் தின்றது சினை. மண்ணிலிருந்து எடுத்தபோது மூச்சும் இல்லை, அசைவும் இல்லை. மறுநாள் பஞ்சாங்கப்படி துணை இழுக்கும் நாள், அன்று எடுக்கிற பிணம் தனியாகப் போகாது. அதனால் அன்று சாயங்காலமே அவசர அவசரமாக எரித்துவிட்டார்கள். கொன்பாச்சிதான் கொள்ளி வைத்தார்.

இங்கே கூட்டம் மெல்ல வேறு பேச்சுக்குப் போனது. சாவுச் சடங்குக்குச் சாமியாருக்கு ஆள் அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். பக்கத்து வீட்டுக் கான்ஜி, “படகு நல்ல படகு, வீணாக் கிடக்கக் கூடாது” என்று முணுமுணுத்தான். தொமே குமாயிச்சியின் மூக்கருகில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். காற்று இல்லை. கழுத்தில் விரலை வைத்தாள். அங்கே நாடி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். சிப்பி பெயர்க்கிற இரும்பை எடுத்து மணலைக் கிளற ஆரம்பித்தாள். கொன்பாச்சி கையைப் பிடித்தார்.

“கொன்னுடாத புள்ள!”

“கையை விடுங்க மாமா! செத்தா என் கையாலயே சாகட்டும். ஏய் இசோ, என்னடி வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற? வந்து தோண்டு!”

இசோ அவளோடு முக்குளிப்பவள். வந்தாள். பின்னாலேயே மற்ற பெண்களும் வந்தார்கள். இழுத்துப்போட்டு, மூச்சடங்கி மேலே வருகிறவளுக்குச் செய்வது போலவே செய்தார்கள். கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கு, இறக்கு, மார்பில் அழுத்து. தூக்கு, இறக்கு, அழுத்து. கை சோர்ந்தால் அடுத்தவள். படகுக் கொட்டகைக்குத் தூக்கிப்போய் அங்கேயும் அதையே செய்தார்கள். இசோ கால்மாட்டில் கங்குச் சட்டி வைத்தாள். மத்தியானம் ஆயிற்று. ஆண்கள் வாசலில் நின்று, பிணத்தை ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். கொன்பாச்சி மட்டும் உள்ளே ஓரமாக உட்கார்ந்து ஜபமாலை உருட்டினார். தொமே யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விட்டால் போய்விடுவான் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் குமாயிச்சி தானாக ஒரு மூச்சு இழுத்தான். எண்ணிக்கொண்டே காத்திருந்தார்கள். இன்னொன்று வந்தது.

நாலாம் நாள், அவன் பிழைத்து எழுந்ததற்காகச் செம்பயறுச் சோறு பொங்கி, சாக்கே மதுவைச் சூடாக்கி, தெருவையே கூப்பிட்டார்கள். கொன்பாச்சி காய்ந்த கணவாய் ஒரு கட்டு கொண்டுவந்து, தொமேயின் எதிரில் தரையில் கைவைத்து வணங்கினார்.

“நான் தப்பா சொல்லிட்டேன் புள்ள. நல்லவேளை, நீ என் பேச்சைக் கேக்கல.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று கிண்ணம் உள்ளே போனதும் குமாயிச்சி ஆரம்பித்தான்.

“நீங்கல்லாம் செத்துட்டேன்னு நெனச்சீங்க. எனக்கு எல்லாம் கேட்டுச்சு. கை வரல, கண்ணு திறக்கல, காது மட்டும் திறந்தே கிடந்துச்சு. டேய் கான்ஜி, என் படகு நல்ல படகா?”

வீடே அதிர்ந்து சிரித்தது. கான்ஜி கிண்ணத்துக்குள் முகத்தை மறைத்தான். தொமேயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே திரும்பியவள் கண்ணில் கொன்பாச்சி பட்டார். உதட்டருகே கொண்டுபோன கிண்ணம் அங்கேயே நின்றிருந்தது. ஏன் என்று அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் தோராஜியின் சிதை கண்முன் வந்தது.

“சரி, போதும்யா. எல்லாரும் சாப்பிடட்டும்.”

“இரு, சொல்லவிடு. சாமியாருக்கு ஆள் அனுப்பச் சொன்னது யாரு? அதுவும் கேட்டுச்சு!”

“குமாயிச்சி” என்றார் கொன்பாச்சி. குரல் மிகவும் தணிந்திருந்தது. “சூடு... சூடு தெரிஞ்சுதாப்பா?”

“தெரியாது மாமா” என்று தொமே குறுக்கே விழுந்தாள். “உடம்பே மரத்துப்போயிருக்கும். ஒண்ணும் தெரியாது.”

“கேக்குறது என்னைய, இவளுக்கு என்ன தெரியும்? ஏன் தெரியாது மாமா? இந்த இசோ கங்குச் சட்டியைக் குதிகால்லயே ஒட்டி வச்சுட்டா. தோல் பொசுங்குது, காலை இழுக்க முடியல. ஐயோ அம்மான்னு உள்ளுக்குள்ளேயே கத்துறேன், ஒருத்தருக்கும் கேக்கல!”

குதிகாலைத் தூக்கிக் கொப்புளத்தைக் காட்டினான். மறுபடியும் சிரிப்பு. இசோ அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

கொன்பாச்சி கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து, வாசலில் செருப்பைக் கால்களால் துழாவினார். இரண்டு தடவை தவறியது. எப்போதும் போல எல்லோருக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் பனியில் இறங்கி நடந்தார். தொமேயைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை.

குமாயிச்சி இன்னும் குதிகாலைக் காட்டிக்கொண்டிருந்தான். தொமேயின் கைகளில் வீக்கம் வற்றியிருக்கவில்லை. அந்தக் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, இவனை மண்ணிலேயே விட்டிருக்கலாம் என்று அவள் முதல் தடவையாக நினைத்தாள்.