மிச்சம் காட்டாத சமையலறை

விழுப்புரத்தில் ஒரு டாக்டர், "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கீங்க" என்று சொல்லி அனுப்பியபோது, கோவிந்தம்மாள் வெளியே வந்து புருஷனிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "எதையோ மறைக்கிறாரு."

அவள் அப்படித்தான். டவுன் பஸ் சரியான நேரத்துக்கு வந்தால் உடனே ஏறமாட்டாள். ரூட் மாறிவிட்டதா என்று கண்டக்டரை விசாரித்த பிறகே படியில் கால் வைப்பாள். ஷேர் ஆட்டோவில் இடம் காலியாக இருந்தால், "ஏன் யாரும் ஏறல?" என்பாள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வாங்கப் போனால் மேலாக இருப்பதைத் தொடவே மாட்டாள். மேலே இருப்பது கடைக்காரன் காட்ட நினைப்பது, சாக்குக்கு அடியில் இருப்பதுதான் மல்லாட்டை என்பது அவள் கட்சி. இத்தனைக்கும் வாழ்க்கையில் அவளை யாரும் பெரிதாக ஏமாற்றியதில்லை. சந்தேகப்பட்டதால்தான் ஏமாறவில்லை என்று அவள் சொல்கிறாள். அதைச் சந்தேகிக்க நமக்கு ஆதாரம் இல்லை.

ஊர் ஓமந்தூர்ப் பக்கம். திண்டிவனம் வந்து, விழுப்புரம் போகிற பஸ்ஸில் ஏறி, நடுவழியில் ஒரு சிமெண்ட் வளைவின் எதிரே இறங்குவாள். வளைவுக்குள்ளே ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம்; சொன்னால் அதற்கும் ஒரு பாராட்டு விழா நடத்திவிடுவார்கள். அங்கே பெண்கள் விடுதியின் சமையல் கோவிந்தம்மாளின் மகளிர் குழுவின் பொறுப்பு. குழுவில் எல்லாருமே முன்பு வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய் வெயிலில் ஜல்லி சுமந்தவர்கள். சமையலறையில் அனல் உண்டு, ஆனால் தலைக்கு மேலே கூரையும் உண்டு. வருடா வருடம் பொறுப்பைப் புதுப்பித்துத் தருவார்கள். புதுப்பிக்காவிட்டால் மறுபடி ஜல்லிதான். அதனால் அந்த வளைவுக்குள் யார் சிரித்தாலும் கோவிந்தம்மாள் அவர்கள் பல்லைப் பார்க்கமாட்டாள், கையைப் பார்ப்பாள்.

இந்த நிலையில்தான் பசுமை வளாகக் குழு பிறந்தது. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவது, குப்பையைக் குறைப்பது, இரண்டும் அதன் வேலை. சிக்கனம் பற்றிய முதல் கூட்டம் ஏசி அறையில் நடந்தது. வெளியே வெயில் கொட்டிக்கொண்டிருக்க, திரையை இழுத்து மூடி, எல்லா விளக்கையும் போட்டு, சுவரில் படம் காட்டினார்கள். கடைசிப் படத்தில் ஒரு பனிக்கரடி நின்றது. அந்த அறையில் சௌகரியமாக இருந்தது அது மட்டும்தான்.

குழுவின் ஒருங்கிணைப்பாளர் இயற்பியல் துறை பிரான்சிஸ். நல்ல மனிதர். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவருக்கு உண்மையாகவே வயிறு எரியும். அவரைக் கண்டால் மாணவர்கள் எழுந்து நிற்பதில்லை, சுவிட்சை அணைத்துவிடுவார்கள். அவர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதுகூட.

ஒருநாள் அவர் சமையலறைக்கு வந்தார். கூடவே அளவு நாடாவோடு ஒரு ஆள். பிரான்சிஸ் அண்டாவை எட்டிப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று கேட்டார். நாடாக்காரன் பின்பக்கம் போய் கழுநீர்த் தொட்டியைச் சுற்றி நீள அகலம் எடுத்தான்.

அவர்கள் போனதும் கூடச் சமைக்கிற கலையரசி சொன்னாள்: "யக்கா, சார் நம்ம சாம்பார நல்லா இருக்குதுன்னாரு."

"அதான்டி பயமா இருக்குது. அந்த ஆளு இன்னாத்துக்கு அளவெடுத்துக்கினு போறான்?"

"புதுசா எதுனா கட்டுவாங்களா இருக்கும்."

"அளவெடுத்தா ரெண்டே காரணம்தான். ஒண்ணு சட்டை தைக்க. இல்லன்னா குழி வெட்ட. நமக்கு எவன்டி சட்டை தைக்கப் போறான்?"

குழிதான். அந்த மட்டில் அவள் சொன்னது சரி. சமையலறைக் கழிவைக் கொட்டி அதிலிருந்து எரிவாயு எடுக்கப் பின்பக்கம் ஒரு குழி வெட்டுவதாகத் திட்டம். வெட்டவும் தொடங்கினார்கள். எதற்கென்று கோவிந்தம்மாளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டாள், அது வேறு.

பிறகு எல்லாப் பிரிவுகளையும் அரங்கத்தில் கூட்டினார்கள். திட்டத்துக்கு என்ன சொல் வைப்பது என்று குழுவுக்குள் ஏற்கெனவே ஒரு விவாதம் நடந்திருந்தது. சேமிப்பு என்றால் வங்கி வாசனை அடிக்கிறது, சிக்கனம் என்றால் கஞ்சத்தனம் மாதிரி இருக்கிறது, மக்கள் மொழியில் போவோம் என்று முடிவானது. வீட்டில் அம்மாக்கள் என்ன சொல்கிறார்கள்? 'கரண்ட்ட மிச்சம் பண்ணு' என்கிறார்கள். ஆக, மிச்சம்.

பிரான்சிஸ் மைக்கில் சொன்னார்: "ஒவ்வொரு பிரிவும் மாசக் கடைசியில எவ்வளவு மிச்சம்னு எங்ககிட்ட சொல்லணும். அதிகமா மிச்சம் காட்டறவங்களுக்குக் கேடயம் உண்டு. மிச்சமே காட்டாத பிரிவை வெளி ஏஜென்சிக்குக் குடுக்கறதப் பத்தி யோசிக்கணும்னு பதிவாளர் சொல்லச் சொன்னாரு."

சமையலறையில் மிச்சம் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். எல்லாரும் தின்றுவிட்டுப் போன பிறகு அண்டாவில் கிடக்கிற சோறு.

திரும்பி நடக்கும்போது கலையரசிக்குத் தலை சுற்றியது. "யக்கா, சோறு மிச்சமானா கேடயமாமே?"

"ஆமா, சோத்த வீணடிச்சா மாலை போடுவாங்க. உனக்கு மூளை கீதா இல்லியா? பொறி வெக்கிறாங்கடி! நாம ஆசைப்பட்டு, சார் சார் இவ்ளோ மிச்சம் சார்னு போய் நிப்போம். ஓகோ, இவ்ளோ வீணாக்கறீங்களா, கெளம்புங்கன்னுவாங்க."

"அப்ப மிச்சம் காட்டாத பிரிவ ஏஜென்சிக்குக் குடுப்பேன்னாரே?"

"அது மெரட்டறது. மெரட்டினாத்தான நாம வாயத் தொறப்போம்? நாம தொறக்கப் போறதில்ல. மிச்சம் இல்ல. அவ்ளோதான்."

இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொன்னால் சோதனைக்கு வருவார்கள் என்று சந்தேகப்பட்டாள். ஆகவே மிச்சம் உண்மையாகவே இல்லாமல் போயிற்று. காலையில் விடுதிப் பெண்களைக் கேட்டு, ராத்திரிக்கு யார் ஊருக்குப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அரிசி போட்டாள். பெரிய கரண்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டுச் சின்னக் கரண்டியை எடுத்தாள். வேண்டுமானால் இரண்டாம் முறை வா, மூன்றாம் முறையும் வா, முதலிலேயே குவிக்காதே என்று சட்டம் போட்டாள். மீந்த இட்லி சாயங்காலம் உப்புமா ஆனது. மீந்த சோறு காலையில் மோரும் சின்ன வெங்காயமுமாக வந்தது. அதற்கென்றே சில பெண்கள் சீக்கிரம் எழுந்தார்கள். தட்டில் வைத்துவிட்டு எழுந்த ஒருத்தியை, "யாரு சொல்லி அனுப்பினாங்க உன்ன?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் உட்கார்ந்து துடைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு யாரும் வைக்கவில்லை.

மாதக் கடைசியில் பிரான்சிஸ் வந்து கேட்டார்.

"உங்க பிரிவுல மிச்சம் எவ்வளவுங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"கொஞ்சம்கூடவா?"

"ஒரு பருக்கை கிடையாது."

பருக்கை என்பதை அவர் ஒரு பேச்சு அழகு என்று எடுத்துக்கொண்டார். அவர் முகம் தொங்கிப் போயிற்று. அதைப் பார்த்து கோவிந்தம்மாள் உள்ளுக்குள் பூரித்தாள். நினைத்து வந்தது நடக்கவில்லை, பாவம்.

மறுநாள் நிர்வாகக் கட்டட வாசலில் பலகை வைத்தார்கள். முதலிடம் நிர்வாகக் கட்டடத்துக்கே. அங்கே மின்சாரம் ஏராளமாக மிச்சமாகியிருந்தது. அதே வாரம் பக்கத்து நூலகத்தின் சன்னலிலிருந்து நிர்வாகக் கட்டடத்தின் சன்னலுக்கு ஒரு நீல வயர் போயிருந்தது. துணி காயப்போடுவதற்காகவும் இருக்கலாம். நூலகம் கடைசிக்கு முந்தின இடம். கடைசியில் சிவப்பு எழுத்தில்: விடுதிச் சமையலறை, மிச்சம் இல்லை.

அந்த வாரமே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சமையலறைக்குள் செருப்போடு வந்தார். ஏஜென்சிக்காரர். "ஃப்ரீசர் இந்த மூலையில வெச்சிக்கலாம்ல?" என்று கலையரசியைப் பார்த்து அன்பாகக் கேட்டார். கலையரசி அழுதுவிட்டாள். கோவிந்தம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நிர்வாகக் கட்டடத்துக்கு நடந்தாள்.

உள்ளே குழு கூடியிருந்தது. பதிவாளர் நடுவில்.

"எங்களுக்கு வேலை இல்லன்னு முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

பதிவாளர் பலகை இருந்த திசையைக் காட்டினார். "நாங்க என்னம்மா பண்றது? நீங்களே சொல்லியிருக்கீங்க. மிச்சமே இல்லன்னு."

"இல்லதான்."

"அதான் பிரச்சினை."

"மிச்சம் இருந்திருந்தா?"

"சந்தோஷப்பட்டிருப்போம்."

"நெறைய இருந்திருந்தா?"

"கேடயமே குடுத்திருப்போம்."

கோவிந்தம்மாள் பிரான்சிஸ் பக்கம் திரும்பினாள். "சார், இவுரு நல்லாத்தான இருக்காரு?"

பதிவாளர் பதில் சொல்வதற்குள் வாசலில் சத்தம். பக்கத்து ஊர் வேங்கடேசன், காவலாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டு உள்ளே வந்தான். மாடு வைத்திருப்பவன். தினமும் விடுதியின் கழுநீரையும் மீந்த சோற்றையும் குடத்தில் ஊற்றிக்கொண்டு போகிறவன்.

"ஐயா, இந்தம்மா மேல ஒரு கம்ப்ளைண்டு."

கோவிந்தம்மாள் பெருமூச்சு விட்டாள். இவனையும் தங்கள் பக்கம் பிடித்துவிட்டார்கள்!

"ஒரு மாசமா பேஜாரு பண்ணுதுங்க. தெனமும் கொடம் நெறையச் சோறு குடுத்துக்கினு இருந்தாங்க. இப்ப வெறும் அரிசி கழுவுன தண்ணிய ஊத்தறாங்க. சோறு எங்கன்னு கேட்டா, மிச்சம் இல்ல போடான்றாங்க. என் மாடு எலும்பும் தோலுமா நிக்குது. வேற யாருக்கோ குடுக்கறாங்க, எனக்குத் தெரியும்!"

"யாருக்குடா குடுக்கறேன்? வந்து பாரு! தட்டுகூடத் தொடச்ச மாதிரி வருது!"

"அப்ப அவ்ளோ சோறும்?"

"ஆக்கலடா! ஆக்கனாத்தான மிச்சமாவும்?"

பிரான்சிஸ் எழுந்துவிட்டார். "இருங்க, இருங்க. கோவிந்தம்மா, நான் மிச்சம் எவ்வளவுன்னு கேட்டப்போ, நீங்க சோத்தையா நெனச்சீங்க?"

"வேற இன்னாத்த சார் நெனைப்பாங்க சமையல்கட்டுல?"

"சிலிண்டர் முன்ன மாதிரிதான் ஆவுதா?"

"கம்மியா ஆக்கனா கம்மியாத்தான் ஆவும். அதையும் கேஸ் போடுவீங்களா?"

பிரான்சிஸ் விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டார். பிறகு பதிவாளரிடம், "தப்பு என்னோட சொல்லுல சார். குப்பையக் குறைக்கச் சொன்னோம், இந்த வளாகத்துல அதைச் செஞ்சது இவங்க ஒருத்தர்தான். இவங்களத்தான் வெளிய அனுப்பறோம்" என்றார்.

ஒரு குழுவின் ஒருங்கிணைப்பாளர் குழுவின் நடுவில் நின்றுகொண்டு தன் தப்பு என்று சொல்வது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. கோவிந்தம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். இவருக்கு என்ன வேண்டியிருக்கிறது?

பதிவாளருக்கு வேறு கவலை. "அப்ப அந்தக் குழி? அடுத்த மாசம் தொறப்பு விழா. வி.ஐ.பி. வந்து அடுப்பைப் பத்தவைக்கணும். கழிவே இல்லன்னா உள்ள எதப் போடறது?"

கழிவைக் குறைப்பதற்காகக் கூடிய குழு, கழிவுக்கு ஆலாய்ப் பறந்தது.

கோவிந்தம்மாளுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. "ஆக, மிச்சம்தான் வேணும் உங்களுக்கு. சோத்த வீணடிச்சா மாலை போடுவாங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

"முதல்ல சாணி போட்டாத்தான் வாயு புடிக்கும் சார்," என்றார் பிரான்சிஸ். "அப்புறம் காய்கறித் தோலு போதும்."

எல்லாரும் வேங்கடேசனைப் பார்த்தார்கள்.

"என்னயா பாக்கறீங்க?" என்றான் அவன். "மாடே தீனி இல்லாம நிக்குது. சாணி எங்கேர்ந்து வரும்?"

கடைசியில் மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் பல்கலைக்கழகத்தின் பசுமைத் திட்டத்தின் கீழ் வந்தன. சமையல் இந்த வருடமும் மகளிர் குழுவிடமே இருக்கும், ஏஜென்சி வேண்டாம் என்று பதிவாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். பலகையில் சிவப்பு எழுத்தை அழித்தார்கள். நீல வயர் அப்படியே இருந்தது.

கலையரசி சமையலறையில் எல்லாரையும் கட்டிக்கொண்டு குதித்தாள். கோவிந்தம்மாள் குதிக்கவில்லை. அன்று வீடு திரும்பும் வழியில், திண்டிவனத்தில் பஸ் மாறும்போது ஒரு இரும்புக் கடையில் நுழைந்து, நல்ல கனமான பூட்டு ஒன்றை எடுத்து, சாவியைப் போட்டுப் பூட்டி, திறந்து, மறுபடி பூட்டி இழுத்துப் பார்த்தாள்.

"சமையல்கட்டுக்கா யக்கா?" என்றாள் கூட வந்த கலையரசி. "அதான் நமக்கேன்னு சொல்லிட்டாங்களே?"

"சொல்லிட்டாங்கடி. அதனாலதான்."