பின் சீட்டில் நாற்பத்தொன்பது கிலோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்; நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. மெஷின் அச்சடித்த எடைச் சீட்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இது வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு இருபத்தைந்துக்கு வந்தது. ஆபீஸ் நேரத்தில், டோக்கன் வாங்கிக்கொண்டு, வரிசையில் வந்தது.

நடந்தது டார்ச்சுக்கு. நகர கவுன்சில் நடத்தும் டாக்சி சோதனை நிலையத்தில் அவர்தான் ஆய்வாளர். எப்போதும் சட்டைப் பையில் ஒரு டார்ச் விளக்கைச் செருகி வைத்திருப்பதால் டிரைவர்கள் வைத்த பெயர் அது; பெண்டாட்டிகூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாளாம். வயது ஐம்பத்தாறு. இருபத்திரண்டு வருஷமாகக் குழிக்குள் நின்று, தலைக்கு மேலே நிற்கும் வண்டிகளின் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கழுத்து எப்போதும் வலி. பொய் சொல்லவும் வராது. வந்திருந்தால் எப்போதோ குழியை விட்டு மேலே ஏறியிருப்பார்.

ஊரில் ஓடும் டாக்சி ஒவ்வொன்றும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இங்கே வந்தாக வேண்டும். ஒரு வண்டிக்குப் பன்னிரண்டு நிமிஷம் என்பது கவுன்சில் விதி. முன்பெல்லாம் பதினாறு. வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய், டிரைவர்கள் கத்திக் கூச்சல் போட்டு, என்ன செய்யலாம் என்று மேலிடம் கேட்டபோது டார்ச் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பின் சீட் பெல்ட்டுகளை இழுத்துப் பார்க்க வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும், நாலு நிமிஷம் மிச்சமாகும் என்று. கவுன்சில் அதை அப்படியே விதியாக்கிவிட்டது. அவர் சொன்னதை யாராவது காது கொடுத்துக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அது நடந்து இரண்டு வருஷம் இருக்கும்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தினமும் காலையில் கேட்டைத் திறப்பதற்கு முன்னால் டார்ச் தன் சொந்தக் காரை பிரேக் மெஷின் மேல் ஏற்றுவார். டாக்சியாக ஓடித் தேய்ந்த பிறகு அவர் வாங்கிய பழைய வெள்ளைக் கார். பிரேக்கைப் பார்ப்பதோடு, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு எடை தாங்குகிறது என்பதையும் அந்த மெஷின் காட்டும். அவர் காரின் பின் இடது சக்கரம் 258 கிலோ. கண்ணாடி அறைக்குள் கவுன்ட்டரில் உட்காரும் அக்காவுக்கும் அது மனப்பாடம். திரையில் 258 வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது, கேட்டைத் திறக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு ஒரு டிரைவரம்மா வந்தார். டார்ச்சின் கார் எந்த மாடலோ அதே மாடல் டாக்சி. பின் இடது சக்கரம் 262 கிலோ. பிரேக், விளக்கு, டயர் எல்லாம் பழுதில்லை. பின் இடது பக்கத்து பெல்ட் மட்டும் ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. கண்ணால் பார்த்தாலே தெரிந்தது. டார்ச் ஃபெயில் போட்டார்.

"சார், இன்னைக்கு அஞ்சு மணியோட என் உரிமம் முடியுது."

"அதுக்குள்ள மாத்திக்கிட்டு வாங்கம்மா."

"முடியலன்னா?"

டார்ச் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். உரிமம் காலாவதியானால் புதிதாக வரிசையில் சேர வேண்டும். ஏழு வாரம்.

"ஏழு வாரம் வண்டி ஓடலன்னா வீட்ல அடுப்பு எரியாது சார். வீட்டுக்காரருக்கு வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரி. அதுக்கும் இந்த வண்டிதான்."

அழவில்லை. சத்தம் போடவுமில்லை. சத்தம் போட்டிருந்தால் டார்ச்சுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டிரைவரம்மா திரும்பி வந்தபோதுதான் மணி நாலு இருபத்தைந்து. பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் தேடிப் பிடித்து, அதே மாடல் பெல்ட் ஒன்றை வாங்கித் தானே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். விரலெல்லாம் கிரீஸ். டார்ச் அதற்குள் இருபத்தாறு வண்டி பார்த்து முடித்திருந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்க்க வேண்டும், வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

முதலில் ஃபெயில் ஆன பாகத்தை மறுசோதனையில் கையால் பார்த்தே ஆக வேண்டும். மூன்று தடவை வெடுக்கென்று இழுக்க வேண்டும். மூன்று தடவையும் பெல்ட் இறுகிப் பிடிக்க வேண்டும். இழுத்தார். பிடித்தது. இரண்டாவது தடவையும் பிடித்தது. மூன்றாவது தடவை தோள்பட்டையே வலிக்கும்படி பிடித்தது. இவ்வளவு கெட்டியான பெல்ட்டை அவர் பார்த்து வருஷக்கணக்காயிற்று.

கையை விட்டார். விட்டால் பெல்ட் சரசரவென்று டப்பாவுக்குள் சுருண்டுவிட வேண்டும். இது பாதி வரை போய் நின்றது. சீட்டை ஒட்டிப் படியாமல், ஒரு சாண் முன்னால் வளைந்து நின்றது. தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் வந்த வண்டிதானே என்று நினைத்துக்கொண்டார்.

4:31. வண்டியை பிரேக் மெஷினில் ஏற்றினார். காலையிலும் அவரேதான் ஓட்டினார், இப்போதும் அவரேதான். மைக்கில் அக்காவின் குரல் வந்தது.

"அண்ணா, பின்னாடி யாராவது உக்காந்திருக்காங்களா?"

"இல்லையே. ஏன்?"

"இடது பக்கம் முந்நூத்திப் பதினொண்ணு காட்டுது."

காலையில் 262. இப்போது 311. நாற்பத்தொன்பது கிலோ அதிகம். டிக்கியைத் திறந்து பார்த்தார். ஒரு ஸ்டெப்னி, ஒரு தண்ணீர் பாட்டில். காலையில் இருந்தவைதான். நடுவில் மாறியது அந்த பெல்ட் ஒன்றே ஒன்று.

மெஷினுக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தன் காரைக் கொண்டுவந்து ஏற்றினார். 258. டிரைவரம்மாவின் வண்டியை மறுபடி ஏற்றினார். 311.

4:39. வண்டியைக் குழிக்கு மேலே நிறுத்திவிட்டு, நாலு கதவையும் சாத்திவிட்டு, கீழே இறங்கினார். விளக்கு வெளிச்சத்தைப் பின் இடது ஸ்பிரிங் மேல் அடித்துப் பார்த்தார். உடையவில்லை. வளையவில்லை. புது ஸ்பிரிங் மாதிரி இருந்தது.

அப்போது அது அசைந்தது.

க்ரீச்... என்று ஒரு விரற்கடை கீழே இறங்கியது. பிறகு மெதுவாக ஏறியது. சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கால் மரத்துப்போய் நகர்ந்து உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படி...

"ஏம்மா, உள்ள ஏறிட்டீங்களா?"

"நான் இங்க கவுன்ட்டர்ல இருக்கேன் சார்."

குரல் தூரத்திலிருந்து வந்தது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டக்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

பெல்ட்டைப் பூட்டுகிற சத்தம்.

4:42. குழியிலிருந்து ஏறி வந்தார். நாலு கதவும் சாத்தியபடியே இருந்தன. உள்ளே யாரும் இல்லை.

பின் இடது பெல்ட் பூட்டியிருந்தது.

சோதனைப் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தாயிற்று. பின் சீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குக் கட்டம் கிடையாது. கையெழுத்துப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது. அவர் பேனாவை எடுத்தும் விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரைவரம்மா அவரைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கு அந்த சீட்டில் யாரோ ஒருவர் ஏறி உட்கார வேண்டும். அதை நினைத்ததும் அவருக்குக் கை ஓடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

பூட்டைத் திறக்கும்போது விரல் நுனியில் ஏதோ சில்லென்று பட்டது என்று சொன்னார். எனக்கு அது தெரியாது, அவர் சொன்னதைச் சொல்கிறேன். பெல்ட்டைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு வண்டியை மெஷினில் ஏற்றினார். 262. பிறகு தன் காரிலிருந்து பின் இடது பெல்ட்டைக் கழற்றி, டிரைவரம்மாவும் ஒரு கை கொடுக்க, அந்த டாக்சியில் மாட்டினார். மூன்று தடவை இழுத்தார். மூன்று தடவையும் பிடித்தது. விட்டதும் சரசரவென்று உள்ளே போனது.

"உங்க வண்டிக்கு சார்?"

"என் வண்டியில பின்னாடி யாரு உக்காரப் போறா. வீட்டுக்காரி வந்தாலும் முன்னாடிதான் உக்காருவா."

4:58க்குக் கையெழுத்துப் போட்டார். டிரைவரம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் பிழைப்பு தப்பியது.

டார்ச் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த பெல்ட்டை மேஜை மேல் வைத்து, சுருளும் டப்பாவைத் திறந்து, விளக்கை அடித்துப் பார்த்தார். இழுத்தால் பிடித்து நிறுத்த உள்ளே ஒரு இரும்புப் பல் இருக்கும்.

பல் இல்லை.

உடைந்த அடி மட்டும் இருந்தது. அதில் துரு ஏறியிருந்தது. இன்று நேற்று உடைந்ததல்ல. அந்த பெல்ட்டை ஆயிரம் தடவை இழுத்தாலும் பிடிக்க வழியில்லை. ஆனால் அவர் இழுத்தபோது மூன்று தடவை பிடித்தது. அப்படியென்றால் மறுமுனையில் பிடித்துக்கொண்டிருந்தது...

வண்டி உடைக்கிற இடத்துக்குப் போன் போட்டார். எந்த டாக்சியிலிருந்து கழற்றியது என்று நம்பர் சொன்னார்கள். கவுன்ட்டர் அக்கா கிளம்பப் போனவர், கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பக்கம். கண்ணால் பார்த்தால் போதும் என்ற விதி வந்த மூன்றாம் நாள். பின் சீட் பெல்ட்: டிக். அந்த டிக் யார் கை என்று அக்கா கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

அந்த டாக்சி பிறகு விபத்தில் மோதி நொறுங்கியது டார்ச்சுக்கும் தெரிந்த விஷயம்தான். பின்னால் இருந்த பெண் செத்துப்போனாள். பெல்ட் போட்டிருக்க மாட்டாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரும் தலையாட்டினார். நிலையத்துக்கு வந்த விபத்துக் கோப்பை மட்டும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது அக்கா பிரித்தார்.

வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிய பெண். பின் இடது சீட். பெல்ட் போட்டிருந்தாள். பெல்ட் பிடிக்கவில்லை. கடைசித் தாள் ஆஸ்பத்திரித் தாள். அதில் வயது இருபத்து நாலு. எடை நாற்பத்தொன்பது கிலோ.

டார்ச் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, லைட்டை அணைக்காமல் போனார்.

அந்த பெல்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் டார்ச் கிளம்பினார். அதோடு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை 7:50. வழக்கம்போல டார்ச் தன் காரை மெஷினில் ஏற்றினார். மைக்கில் அக்கா நம்பரைச் சொல்லவில்லை. சீட்டை மட்டும் அச்சடித்து நீட்டினார்.

307.

அவர் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது. பின் இடது பக்கம் பெல்ட்கூட இல்லை. அதைத்தான் கழற்றிக் கொடுத்துவிட்டாரே.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். மறுநாளே லீவு போட்டு, கடையில் புது பெல்ட் வாங்கி, தானே மாட்டினார்.

இப்போது அவர் எல்லா டாக்சியிலும் எல்லா பெல்ட்டையும் மூன்று தடவை இழுக்கிறார். வண்டிக்குப் பதினாறு நிமிஷம். வரிசை மறுபடி ரோட்டுக்குப் போய்விட்டது. விதியை மாற்றச் சொல்லி எழுதிய தாளுக்கு கவுன்சிலிலிருந்து பதில் இல்லை. நேரம் கடத்துவதாக மூன்று மெமோ மட்டும் வந்திருக்கிறது. மூன்றையும் வாங்கி மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கிறார்.

சாயங்காலம் காரில் ஏறியதும் அவர் உடனே கிளம்புவதில்லை. சாவியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். அரை நிமிஷம். சில நாள் ஒரு நிமிஷம்.

டக்.

அதற்குப் பிறகுதான் வண்டியை எடுக்கிறார்.